சூப்பர்வைசரம்மாவின் மஞ்சள் பலகை

சிங்கப்பூர் ஏன் இவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று கேட்டால் மழை, மரம், அபராதம் என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். ஒருவருக்கும் விஷயம் தெரியாது. உண்மையான காரணம் புக்கிட் மேராவில், எங்கள் புளோக்கில், எங்கள் பக்கத்து வீட்டில் குடியிருக்கிறது. அதன் பெயர் சூப்பர்வைசரம்மா.

அம்மாவுக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருக்கத்தான் இருந்தது. பின்னால் மருத்துவமனையில் சேர்த்தபோது கட்டிலின் தலைமாட்டில் எழுதிப் போட்டிருந்தார்கள். படித்தேன். சம்பந்தமே இல்லாத யாரோ ஒரு பெண்மணியின் பெயர் போலிருந்ததால் உடனே மறந்துவிட்டேன்.

சாங்கி விமான நிலையத்தில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்து, சூப்பர்வைசராகி, எழுபதைத் தொடும்போது ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற விஷயம் விமான நிலையத்துக்குத் தெரியும். அம்மாவுக்குத்தான் தெரியாது. காலையில் தலைவாரிக் கொண்டை போட்டு, எங்கள் மாடியின் நடைபாதையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சுற்றி வருவார். ஒவ்வொரு வீட்டு ஜன்னல் கம்பியிலும் ஆட்காட்டி விரலை ஓட்டுவார். பிறகு விரலைப் பார்ப்பார். அதன் பிறகு வீட்டுக்காரரைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்தே கடைசி வீட்டுச் சீனக் குடும்பம் ஜன்னலைத் திறப்பதை நிறுத்திவிட்டது.

"தம்பி, இந்தக் கம்பியில ஒரு மிளகா விதை போடு. செடியே முளைக்கும்."

"நாளைக்குத் துடைச்சிடுறேன் மா."

"நீ பத்திரிகையில எழுதுற ஆளுதானே? உனக்கு எதுக்குப் பேப்பரு? இதுலயே எழுதலாம் லா."

சொன்னதோடு விடாமல் என் கம்பித் தூசியில் என் பெயரின் முதல் எழுத்தை எழுதிக் காட்டிவிட்டுப் போனார். என் மனைவி அன்று சிரித்த சிரிப்பு மின்தூக்கி வரை கேட்டது.

விமான நிலையக் கதைகளை அம்மாவே சொல்வார். அவற்றில் எது நிஜம், எது மெருகு என்று நான் ஆராய்ந்ததில்லை. ஒரு வெள்ளைக்காரர் சாக்லேட் காகிதத்தைத் தரையில் போட்டுவிட்டு நடந்தாராம். அம்மா அதைப் பொறுக்கிக்கொண்டு, கடை கடையாக, நகரும் நடைபாதை எல்லாம் தாண்டித் துரத்திப் போய், அவர் விமானத்துக்குள் நுழையும் வாசலில் பிடித்து, "சார், யூ ஃபர்காட்" என்று கையில் கொடுத்தாராம். அந்த மனிதர் அதைக் குப்பைத் தொட்டியில்கூடப் போடத் தைரியமில்லாமல் ஊர் வரைக்கும் கொண்டுபோனார் என்பது அம்மாவின் கணிப்பு.

ஆனால் அம்மாவின் சட்டப் புத்தகத்தில் குப்பை போடுவது சின்னக் குற்றம். பெரிய குற்றம் ஒன்று உண்டு. ஈரத் தரையில் மஞ்சள் பலகை வைக்காமல் போவது. 'தரை ஈரமாக இருக்கிறது, கவனம்' என்று நாலு மொழியில் எழுதி, ஒரு மனிதன் வழுக்கி விழுகிற படம் போட்டிருக்குமே, அந்தப் பலகை.

"பலகை வெக்காமத் துடைக்கிறவன் கொலகாரன்" என்பார் அம்மா. "வயசானவங்க விழுந்தா இடுப்பு போயிடும். இடுப்பு போனா எல்லாம் போச்சு. என்கிட்ட மாட்டுனா அன்னைக்கே வார்னிங் லெட்டர்தான்."

ஓய்வு பெற்ற நாளில் என்ன பரிசு வேண்டும் என்று கேட்டார்களாம். மற்றவர்கள் கைக்கடிகாரம் வாங்கியபோது அம்மா ஒரு மஞ்சள் பலகை கேட்டு வாங்கி வந்தார். அதை வீட்டுக் கதவுக்குப் பின்னால், மற்றவர்கள் சாமி படம் வைக்கிற பக்தியோடு, மடித்துச் சாத்தி வைத்திருந்தார்.

அம்மாவின் மதம் வேறு எதுவாக இருந்தாலும் வழிபாடு தரைக்குத்தான். வெள்ளிக்கிழமை தோறும் மொசைக் தரையைக் கழுவித் துடைத்து மெழுகு போடுவார். மெழுகு வாசனை எங்கள் வீட்டுச் சாம்பாரில் ஏறும். அம்மா வீட்டுத் தரையில் குனிந்து பார்த்தால் நம் முகத்தில் மழிக்காமல் விட்ட இடம் தெரியும்.

அப்படிப்பட்ட ஒரு வெள்ளிக்கிழமைதான் 'தொம்' என்று சத்தம் கேட்டு நான் ஓடினேன். அம்மா கூடத்தில் ஒருக்களித்து விழுந்து கிடந்தார். முகம் வலியில் வெளுத்திருந்தது. நான் பதறிக்கொண்டு உள்ளே காலை வைத்தேன். அம்மாவின் முதல் வார்த்தை:

"செருப்பக் கழட்டிட்டு உள்ள வா."

ஆம்புலன்ஸ் ஆட்கள் வந்தார்கள். அவர்களுடைய பூட்ஸ் விஷயமாகப் பேச்சுவார்த்தை நடந்தது. இடுப்பு முறிந்த ஒரு மூதாட்டி, இரண்டு கட்டுமஸ்தான இளைஞர்களிடம் வாசலில் காலைத் துடைத்துவிட்டு வரச் சொன்னதையும், அவர்கள் துடைத்துவிட்டு வந்ததையும் என் கண்ணால் பார்த்தேன். எப்படி விழுந்தீர்கள் என்று ஒருவர் கேட்டார். அம்மா ஒரு கணம் யோசித்தார்.

"தல சுத்துச்சு" என்றார்.

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

அறுவை சிகிச்சை நல்லபடி முடிந்தது. சில நாளில் வாக்கரைப் பிடித்து நாலு அடி நடந்தார். நடந்ததும் செய்த முதல் காரியம், பக்கத்துக் கட்டிலின் சக்கரத்தைக் குனிந்து பார்க்க முயன்று தாதியிடம் திட்டு வாங்கியதுதான். ஒரு வாரத்தில் அந்த வார்டு அம்மாவின் கைக்குள் வந்துவிட்டது. மின்விசிறி இறக்கை, திரைச்சீலை மடிப்பு, மருந்து வண்டியின் அடித்தட்டு எல்லாம் படுத்தபடியே சோதனைக்கு உள்ளாயின. வார்டைத் துடைக்க வரும் சீன அக்கா, வேலை முடிந்ததும் அம்மாவின் கட்டிலருகே வந்து நின்று முகத்தைப் பார்ப்பார். அம்மா தலையசைத்தால்தான் வாளியைத் தூக்குவார். தலைமைத் தாதி, "ஆன்ட்டியை இன்னும் ஒரு மாதம் வைத்துக்கொள்ளட்டுமா" என்று வேடிக்கையாகக் கேட்டார்.

அம்மாவுக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. வீட்டுக்குப் போக வேண்டும். ஆனால் விடமாட்டேன் என்கிறார்கள். காரணம், அந்தத் தலைசுற்றல்.

தலை சுற்றி விழுந்தவரை, அதுவும் தனியாக இருப்பவரை, காரணம் தெரியாமல் எப்படி வீட்டுக்கு அனுப்புவது? டாக்டர் ஒரு சீன இளைஞர், மிகவும் பொறுப்பானவர். படுக்க வைத்து ரத்த அழுத்தம் பார்த்தார். உட்கார வைத்துப் பார்த்தார். நிற்க வைத்துப் பார்த்தார். மார்பில் வயர்களை ஒட்டி இதயத்தை ஒட்டுக்கேட்டார். தலையைப் படம் எடுத்தார். காதுக்குள் விளக்கடித்தார். எல்லாம் பிரமாதமாக இருந்தன. பிரமாதமாக இருக்க இருக்க டாக்டரின் முகம் வாடியது. ஒரு கோளாறாவது கிடைத்தால் மருந்து கொடுத்து அனுப்பலாம். இந்த மனுஷியிடம் அதுவும் கிடைக்கவில்லை.

பெர்த்தில் இருக்கும் மகன் குமார் தினமும் வீடியோவில் வந்தார். நல்ல பிள்ளை. பயந்துபோன பிள்ளை.

"அம்மா, மறுபடி தல சுத்துனா யாரும்மா பாப்பாங்க? ஒரு நல்ல நர்சிங் ஹோம் விசாரிச்சிருக்கேன். ரொம்ப க்ளீனா இருக்காம்."

"எவ்வளவு க்ளீனு? யார் சர்ட்டிஃபை பண்ணா?"

கேலியாகத்தான் கேட்டார். ஆனால் ஃபோனை வைத்த பிறகு, போர்வையின் ஓரத்தை நீவி நீவி நேராக்கிக்கொண்டே இருந்தார். ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது. அடுத்த வாரம் டாக்டர்கள் கூடிப் பேசும்போது ஒரு வழி தெரியாவிட்டால் குமார் சொன்ன தாதிமை இல்லத்துக்கு விண்ணப்பம் போய்விடும். அம்மா அங்கே போனால் அந்த வீடு பூட்டிக் கிடக்கும். பிறகு ஒரு நாள் வேறு யாரோ குடிவருவார்கள்.

அப்போதுதான் பிரியா வந்தாள். நடை பழக்குகிற தெரபிஸ்ட். ஈசூனில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். ஒரு வாக்கியத்தைத் தமிழில் கிளப்பி ஆங்கிலத்தில் நிறுத்துவாள்.

"ஆன்ட்டி, ஹோம் கேர்னு ஒண்ணு இருக்கு. காயத்துக்கு டிரஸ்ஸிங் மாத்த நர்ஸ் உங்க வீட்டுக்கே வருவாங்க. நடக்கப் பழக்க நான் வருவேன். காலையில குளிக்க ஹெல்ப் பண்ண ஒரு ஆள். லஞ்ச் டெலிவரி. இங்க நடக்கிற எல்லாம் அங்கயே நடக்கும், ஸோ டோன்ட் வொர்ரி."

"அப்படின்னா நான் ஏன் இன்னும் இங்க படுத்திருக்கேன்?"

"ரெண்டே விஷயம்தான் லா. உங்களுக்கு ஏன் தல சுத்துச்சுன்னு தெரியணும். அப்புறம் உங்க வீடு சேஃபான்னு நான் போய்ப் பாக்கணும். நாளைக்கு வர்றேன், ஓகே?"

அம்மாவின் காதில் கடைசி வாக்கியம் மட்டும்தான் விழுந்தது. வீட்டைப் பார்க்க வருகிறார்கள். இன்ஸ்பெக்‌ஷன்!

அன்று மதியம் என் ஃபோன் அலறியது. வீடியோவில் அம்மாவின் நெற்றி மட்டும் தெரிந்தது.

"தம்பி, சாவி உன்கிட்டதானே? தேக்கா மார்க்கெட்டுக்குப் போ. பஃபலோ ரோட்டுல தேங்கா நார் பிரஷ் விக்கிறவன் இருப்பான், அதுல ஒண்ணு வாங்கு. மெழுகு சிங்க்குக்கு அடியில இருக்கு. உன் சம்சாரத்தையும் கூட்டிக்கிட்டு உள்ள போ. ஃபோனத் தரையில காட்டு."

பத்திரிகையாளன் என்ற என் கௌரவம் அன்று முழங்காலில் நின்றது. நானும் மனைவியும் தேய்த்தோம். அம்மா கட்டிலிலிருந்து இயக்கினார். "அந்த மூல! இல்ல, அதுக்கு எதிர் மூல! தம்பி, கையால தேய்க்கணும், கவிதை எழுதுற மாதிரித் தடவாத!" முதல் பூச்சு போதவில்லை என்று இரண்டாவது பூச்சு. விளக்கைப் போடச் சொல்லி ஃபோனில் பளபளப்பைப் பார்த்தார். திருப்தியில்லை. மூன்றாவது பூச்சு. முடிந்தபோது கூடத்தில் இரண்டு சீலிங் ஃபேன்கள் சுற்றின, மேலே ஒன்று, கீழே ஒன்று.

"இப்ப அனுப்பு அந்தப் பொண்ண" என்றார் அம்மா.

மறுநாள் பிரியா வந்தாள். நல்ல பிள்ளையாக வாசலில் காலணியைக் கழற்றினாள். உள்ளே காலுறை போட்டிருந்தாள். "வாவ், வீடு ரொம்ப நீட்" என்றபடி ஒரு கால் எடுத்து வைத்தாள்.

அந்த ஒரு கால்தான் அவள் எடுத்து வைத்தது. மிச்சப் பயணத்தைத் தரை பார்த்துக்கொண்டது. கைகள் இரண்டும் விரிய, பை ஒரு பக்கம் பறக்க, சோபாவைக் கடந்து, சாப்பாட்டு மேஜையைக் கடந்து, என் மனைவி நீட்டிய கையையும் கடந்து, நேராகப் போய் அடுப்படிக் குளிர்பதனப் பெட்டியைக் கட்டிப்பிடித்து நின்றாள். பிறகு மெதுவாக அதன் மேலேயே சறுக்கித் தரையில் உட்கார்ந்தாள். மேலிருந்து ஒரு காந்தப் பொம்மை அவள் மடியில் விழுந்தது.

"அடி பட்டுச்சாம்மா?" என்று என் மனைவி அலறினாள்.

"நோ, நோ, ஐ'ம் ஓகே." பிரியா எழுந்திருக்கவில்லை. உள்ளங்கையால் தரையைத் தடவிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அங்கிள், ஆன்ட்டி விழுந்த அன்னைக்கும் தரை இப்படித்தான் இருந்துச்சா?"

எனக்குப் பளிச்சென்று விளங்கியது. அன்று வெள்ளிக்கிழமை. அன்று நான் ஓடி வந்தபோதும் இதே மெழுகு வாசனை. கதவுக்குப் பின்னால் பார்த்தேன். மஞ்சள் பலகை அன்றிலிருந்து யாரும் தொடாமல் மடித்தபடியே சாத்தியிருந்தது.

தலையும் சுற்றவில்லை, ஒன்றும் சுற்றவில்லை. சூப்பர்வைசரம்மா தான் துடைத்த தரையில் தானே வழுக்கி விழுந்திருக்கிறார். பலகை வைக்காமல்! அதை எப்படி வாயால் சொல்வார்? அதைவிட மூளையில் கோளாறு என்று டாக்டர் சொன்னால் பரவாயில்லை என்று இருந்துவிட்டார்.

நானும் பிரியாவும் மருத்துவமனைக்குப் போனோம். பிரியா அம்மாவிடம் எதையும் குத்திக் கேட்கவில்லை. "ஆன்ட்டி, உங்க வீட்டுல நான் வழுக்கிட்டேன்" என்று மட்டும் சொன்னாள்.

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஐயோ, விழுந்திட்டியா? எங்கம்மா அடி?" என்று அவள் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கோபம் முழுவதும் என் மேல் திரும்பியது. "தம்பி! மெழுகு போட்ட தரையில ஆள விடுறியே, பலகை வெச்சியா?"

"நீங்க சொல்லலியேம்மா."

"சொல்லணுமா? பலகை வெக்காம..."

பாதியில் நின்றுவிட்டார். பிரியாவின் கையை மெதுவாக விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"டாக்டரக் கூப்பிடு. குமார வீடியோவுல போடு. அந்தச் சீன அக்காவையும் வரச் சொல்லு. பிரீஃபிங் இருக்கு."

கொண்டையை அவிழ்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டார். டாக்டர் வந்தார், தலைமைத் தாதி வந்தார், சீன அக்கா துடைப்பத்தோடு வந்து நின்றார். மகன் என் ஃபோனில் இருந்தார். அம்மா சாங்கியில் காலை ஷிஃப்டைத் தொடங்குகிற குரலில் ஆரம்பித்தார். பிரியா ஆங்கிலப்படுத்தினாள்.

"ஒரு கம்ப்ளெய்ன்ட் வந்திருக்கு. ஒரு ஸ்டாஃபு, தரைக்கு மெழுகு போட்டுச்சு. பலகை வெக்கல. என்னைக்கும் விழாத நான் இன்னைக்கா விழப்போறேன்னு திமிரு. வழுக்கி விழுந்துச்சு. அதோட விடல. தல சுத்துச்சுன்னு பொய் ரிப்போர்ட் குடுத்துச்சு. பாவம் இந்த டாக்டர் தம்பி, அது தலைக்குள்ள இல்லாதத இத்தன நாளாத் தேடுறாரு. அந்த ஸ்டாஃபு நான்தான்."

பிரியா ஆங்கிலத்தில் சொல்லி முடிக்கும்வரை அம்மா காத்திருந்தார்.

"முப்பது வருஷத்துல யாரையும் நான் சும்மா விட்டதில்ல. இதையும் விடல. வார்னிங் லெட்டர். இனிமே இது தரைக்கு மெழுகு போடக்கூடாது. வேற ஆளு வந்து துடைக்கும், இது ஒக்காந்து பாக்கணும். அவ்வளவுதான், டிஸ்மிஸ், எல்லாரும் போகலாம்."

டாக்டர் மொழிபெயர்ப்பைக் கேட்டு முடித்ததும் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. நாங்கள் பயந்துபோனோம். கையை எடுத்தபோது கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். இந்தத் தீவிலேயே இவ்வளவு நன்றாகச் சோதிக்கப்பட்ட இதயமும் மூளையும் வேறு யாரிடமும் இல்லை, கவலையே வேண்டாம், வீட்டுக்கு ஏற்பாடு செய்யுங்கள் என்றார். பெர்த்திலிருந்து "அம்மா... அம்மா..." என்பதற்கு மேல் வார்த்தை வரவில்லை. சீன அக்காதான் முதலில் கைதட்டினார்.

அதன் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. மெழுகைச் சுரண்டி எடுத்து, வழுக்காத பூச்சு அடித்தார்கள். குளியலறையில் கைப்பிடிக் கம்பி ஏறியது. கட்டில் உயர்ந்தது. மிச்சம் இருந்தது ஒன்றுதான், தினமும் காலையில் வரப்போகிற ஆளை அம்மா ஒப்புக்கொள்ள வேண்டும். கமாரியா என்ற மலாய்ப் பெண்மணி வார்டுக்கே வந்து பார்த்தார். அம்மா இன்டர்வியூ வைத்தார். சம்பளம், அனுபவம் எதையும் கேட்கவில்லை. ஒரு ஈரத்துணியைக் கொடுத்து, பிழியச் சொன்னார். கமாரியா அதை ஒரே முறுக்கில் பிழிந்து, உதறி, நாலாக மடித்து நீட்டினார். அம்மா துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

"போலே" என்றார். சரிதான் என்று அர்த்தம். அன்று முதல் இருவரும் மலாயில்தான் பேசிக்கொள்கிறார்கள், பெரும்பாலும் என்னைப் பற்றி.

டாக்டர் குறித்த நாளில், குறித்த நேரத்தில், அம்மா கிளம்பினார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து வார்டை ஒரு சுற்று வலம் வந்தார். தாதிகள் கையசைத்தார்கள். சீன அக்கா தரையைத் துடைத்துப் பலகை வைத்து, ஒதுங்கி நின்று சல்யூட் அடித்தார். வாசலுக்கு வந்தபோது எதிரே தள்ளுகட்டிலில் ஒரு பாட்டியை அழைத்து வந்தார்கள். காலையிலிருந்து கீழே அவசரப் பிரிவில் படுக்கைக்காகக் காத்திருந்தவராம். அம்மா நாற்காலியை நிறுத்தச் சொன்னார்.

"அக்கா, என் பெட்டுதான் உங்களுக்கு. சக்கரம் முதக்கொண்டு சுத்தம். நிம்மதியாப் படுங்க. சீக்கிரம் வீட்டுக்குப் போங்க."

அந்தப் பாட்டிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் கை கூப்பினார்.

வீட்டு வாசலில் மஞ்சள் பலகையை விரித்து வைத்து, சிராங்கூன் சாலையில் வாங்கிய மல்லிகைச் சரத்தை அதற்குச் சாத்தியிருந்தேன். அம்மா அதைப் பார்த்தும் பார்க்காதது போல வாக்கரைப் பிடித்து உள்ளே போனார். கூடத்தின் நடுவில் நின்று குனிந்தார். தரை சொரசொரவென்று, மங்கலாக, பத்திரமாக இருந்தது.

"மூஞ்சி தெரியல" என்றார்.

அம்மா இன்னும் கொஞ்சம் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "பரவால்ல. இந்த மூஞ்சிய எத்தன வருஷம் பாக்குறது."

இப்போது வாக்கரும் போய்விட்டது, ஒரு கைத்தடிதான். கமாரியா துடைக்கிறார், அம்மா நாற்காலியில் உட்கார்ந்து மூலைகளைச் சொல்கிறார். பிரியா வரும்போதெல்லாம் காலுறையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருகிறாள்.

அம்மா மருத்துவமனையில் இருந்த அத்தனை நாளும் எங்கள் ஜன்னல் கம்பியில் தூசி படிந்து கிடந்தது. அம்மா வருவதற்குள் துடையுங்கள் என்று மனைவி எவ்வளவோ சொன்னாள். நான் துடைக்கவில்லை. வீடு திரும்பிய மறுநாள் காலை, வாக்கரின் சத்தம் மெதுவாக நடைபாதையில் வந்து எங்கள் ஜன்னலுக்கு நேரே நின்றது. விரல் கம்பியில் ஓடியது.

"தம்பி! நாலு நாளு நான் இல்லன்னா இப்படியா?"

உள்ளே காபியோடு உட்கார்ந்திருந்த எனக்கு, அந்தத் திட்டைக் கேட்டு நெஞ்சு நிறைந்துவிட்டது. இன்றும் வாரா வாரம் எல்லாக் கம்பியையும் துடைக்கிறேன், அம்மாவின் கைக்கு எட்டுகிற ஒன்றை மட்டும் விட்டுவிட்டு.